வால்பேப்பரோடு முடிந்துவிடுகிறதா நம் உரிமை?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஏராளமான கணினிகள் விண்டோஸ் 11க்கு மாறின. மாறியவர்களின் கண்ணில் முதலில் பட்டது, இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் திரையின் நடுப்பகுதிக்கு நகர்ந்திருப்பதுதான். ரைட் கிளிக் செய்தால் விரியும் பட்டியல் சுருங்கியிருந்தது. பழகிய கட்டளைகள் பலவற்றுக்கு இன்னொரு கிளிக் தேவைப்பட்டது. ஸ்டார்ட் பட்டனைப் பழைய மூலைக்கே கொண்டுபோக செட்டிங்ஸில் வழி உண்டு. ஆனால் அது அமர்ந்திருக்கும் டாஸ்க்பாரைத் திரையின் மேற்புறத்துக்கோ பக்கவாட்டுக்கோ நகர்த்த, 2021 அக்டோபரில் இந்தப் பதிப்பு வெளியானபோது வழி இல்லை. விண்டோஸ் 95 வந்த நாளிலிருந்து இருந்த வசதி அது. வால்பேப்பர், வண்ணம், தீம் ஆகியவற்றுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

கணினித் திரையை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் உரிமை இன்று இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கண்ணுக்கு அழகு சேர்க்கும் மாற்றங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. வேலை செய்யும் முறையையும், நம் கவனம் எங்கே போகிறது என்பதையும் தீர்மானிக்கும் மாற்றங்கள் குறைகின்றன, அல்லது எளிதில் கண்டுபிடிக்க முடியாத இடத்துக்குப் போய்விடுகின்றன. வாடகை வீட்டின் சுவருக்கு என்ன வண்ணமும் பூசிக்கொள்ளலாம், பூட்டை மட்டும் தொடக் கூடாது என்பது போன்ற ஏற்பாடு இது. டெஸ்க்டாப் செட்டிங்ஸ் என்றாலே இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், இந்த இழப்பு பெரிதாகப் பேசப்படுவதில்லை. எழுத்தின் அளவு, டாஸ்க்பாரின் இடம், விசைப்பலகையின் அமைப்பு, இணைய இணைப்பைச் சொடுக்கினால் எந்த பிரவுசர் திறக்க வேண்டும், எந்த அறிவிப்பு நடுவில் குறுக்கிடலாம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் கணினியின் முன் அமர்பவருக்கே உரியது. அதை ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்வதை வெறும் வடிவமைப்பு விஷயமாகக் கருதி விட்டுவிட முடியாது.

அழகும் பயனும் ஒரே பலகையில்

தொடக்கத்தில் இந்தப் பிரிவினை இல்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973இல் உருவான ஆல்டோ கணினியில் மவுஸால் இயங்கும் வரைகலைத் திரை வடிவம் பெற்றது. அதே நிறுவனம் 1981இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினி, அந்தத் திரையை அலுவலக மேசையின் சாயலில் அமைத்தது. அதைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது 1984 ஜனவரியில் வந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ். அதன் கன்ட்ரோல் பேனலை இன்று பார்த்தாலும் வியப்பாக இருக்கும். சொற்களை ஏறக்குறைய முற்றிலும் தவிர்த்து, படங்களாலேயே ஆன ஒரு சிறு பலகை அது. டெஸ்க்டாப்பின் பின்னணிக் கோலத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றும் வசதி அதில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே டபுள் கிளிக்குக்கு எவ்வளவு இடைவெளி, விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து எவ்வளவு விரைவில் திரும்ப வர வேண்டும், கர்சர் எந்த வேகத்தில் கண்சிமிட்ட வேண்டும், ஒலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பவற்றையும் மாற்றலாம். அலங்காரமும் கைப்பழக்கமும் ஒரே பலகையில் சம அந்தஸ்தோடு இருந்தன. நினைவகம் வெறும் 128 கிலோபைட்டாக இருந்த கணினியில், ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்குப் பார்த்த காலத்தில், இவற்றுக்கு இடம் ஒதுக்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மனிதரின் கை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் இயங்கும் என்பதை அந்த வடிவமைப்பாளர்கள் அடிப்படை உண்மையாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

1995 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் 95, டாஸ்க்பாரைத் திரையின் நான்கு ஓரங்களில் எதற்கு வேண்டுமானாலும் இழுத்துவைக்க அனுமதித்தது. அப்போது திரைகள் ஏறக்குறைய சதுரமாக இருந்ததால் அது பெரிய பயனாகத் தெரிந்திருக்காது. பின்னர் திரைகள் அகலமாகின. உயரம்தான் அரிய பொருளானது. பல ஆண்டுகள் விலை குறைந்த லேப்டாப்களில் பரவலாக இருந்த திரையின் உயரம் 768 பிக்சல்; விண்டோஸ் 11 டாஸ்க்பாரின் வழக்கமான உயரம் 48 பிக்சல். அதாவது திரையின் உயரத்தில் பதினாறில் ஒரு பங்கு எப்போதும் அதற்கே போய்விடுகிறது. நாள் முழுவதும் நீண்ட ஆவணங்களைப் படிப்பவருக்கும், நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட எக்செல் பட்டியலில் வேலை செய்பவருக்கும் அது சில வரிகளின் இழப்பு. பட்டையைப் பக்கவாட்டில் வைத்தால் அந்த வரிகள் திரும்பக் கிடைக்கும். பக்கவாட்டில் வீணாகும் இடமும் பயன்படும். அந்த வசதி மிகவும் தேவைப்பட்ட காலத்தில் அது பறிக்கப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

இதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. தொடுதிரைகளே எதிர்காலம் என்ற கணிப்பில் 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பட்டனையே தூக்கி எறிந்தது. மவுஸும் விசைப்பலகையும் வைத்து வேலை செய்தவர்கள் திணறினார்கள். அடுத்த ஆண்டு 8.1 பதிப்பில் பட்டன் திரும்பியது. முழுமையான ஸ்டார்ட் மெனு 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்த பிறகே மீண்டது. இடைப்பட்ட காலத்தில் கிளாசிக் ஷெல் போன்ற வெளி மென்பொருள்களை நிறுவித்தான் பலர் காலம் தள்ளினார்கள். நிறுவனத்தின் கணிப்பு தவறியது பெரிய குற்றமல்ல, யாருக்கும் தவறும். பழைய முறையையே வைத்துக்கொள்ள ஒரே ஒரு தேர்வைச் செட்டிங்ஸில் விட்டுவைத்திருந்தால், அந்தத் தவறின் சுமை கோடிக்கணக்கான பயனாளர்களின் தலையில் விழுந்திருக்காது. செட்டிங்ஸ் என்பது தயாரிப்பாளரின் தவறான கணிப்பிலிருந்து பயன்படுத்துபவரைக் காக்கும் ஏற்பாடும்கூட.

எல்லோருக்கும் பொருந்தும் திரை இல்லை

எவ்வளவு திறமையான வடிவமைப்பாளராலும் எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றைத் திரையை உருவாக்க முடியாது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. டார்க் மோட் பற்றிய விவாதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெளிர் பின்னணியில் கரிய எழுத்து இருந்தால் இளையோர், முதியோர் இரு தரப்பினருமே நுண்ணிய விவரங்களைத் தெளிவாகப் படிக்கிறார்கள் என்று கண்டார்கள். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் டார்க் மோட் தேவையற்றது என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் பார்வைக்குறைபாடு உள்ளவர்களின் வாசிப்பைப் பற்றி அமெரிக்காவில் கோர்டன் லெக் குழுவினர் 1980களில் செய்த ஆய்வு, கண்ணுக்குள் ஒளி செல்லும் பாதை மங்கியவர்களுக்குக் கரிய பின்னணியில் வெள்ளை எழுத்தே வசதி என்று காட்டியது. இரண்டு முடிவுகளுமே சரியானவைதான், கண்கள்தான் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பார்வைக்குறைபாடு உள்ளவர்கள் உலகில் குறைந்தது 220 கோடிப் பேர். மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடதுகைப் பழக்கமுள்ளவர். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் எட்டு சதவீதம் பேருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு. இவர்களையெல்லாம் விதிவிலக்குகள் என்று ஒதுக்கிக்கொண்டே போனால், விதிக்கு உட்பட்டவர் என்று சொல்ல எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் 'ஸ்டிக்கி கீஸ்' என்ற அறிவிப்பு வரும். பெரும்பாலானோர் அதை எரிச்சலோடு மூடிவிடுவார்கள். இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்த முடியாதவர்களுக்காக, ஒற்றைக் கையால் தட்டச்சு செய்பவர்களுக்காக ஏற்பட்ட வசதி அது. மாற்றுத்திறனாளிகளுக்கான இத்தகைய வசதிகளில் பல, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையம் போன்ற இடங்களில் வடிவம் பெற்று, பின்னர் இயங்குதளங்களுக்குள் நுழைந்தவை. பெரிய எழுத்து, அழுத்தமான கர்சர், வண்ண வேறுபாட்டைக் கூட்டிய திரை எல்லாமே அப்படித்தான். மாற்றிக்கொள்ள முடியாத திரை இவர்களுக்கு மூடிய கதவு. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21ஆவது கூறு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. வங்கிகளின் மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றோரும் படும் சிரமம் தொடர்பான வழக்கு அது. இணையச் சேவைக்கு அந்த உரிமை உண்டென்றால், அந்தச் சேவையைத் திறந்துகாட்டும் திரைக்கும் அது நீள்வதுதான் நியாயம்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த உரிமையின் அருமை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் வருமாறு, தமிழின் எழுத்து இயல்பை ஒட்டி அமைந்த ஏற்பாடு அது. விண்டோஸ் 2000 முதல் யூனிகோட் தமிழ் இயங்குதளத்துக்குள் வந்தது. ஆனால் அதனோடு வந்த விசைப்பலகை, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த இன்ஸ்கிரிப்ட். தமிழ்99 விண்டோஸுக்குள்ளேயே இடம்பெற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகள். அதுவரை இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களை நிறுவித்தான் தமிழில் தட்டச்சு செய்தார்கள். சொந்தக் கணினி வைத்திருந்தவர்களுக்கு அது முடிந்தது. மென்பொருள் நிறுவும் அனுமதி இல்லாத அலுவலகக் கணினியில் அமர்ந்தவருக்கு, தாய்மொழியில் எழுதுவதே கணினிப் பிரிவின் தயவைப் பொறுத்த காரியமானது. ஒரு மொழியின் புழக்கமே செட்டிங்ஸில் உள்ள ஒரு வரியைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

டிஃபால்ட்டுக்கு ஒரு விலை

வாங்கும்போதே எது தேர்வாகியிருக்கிறதோ அதுதான் டிஃபால்ட். அதன் வலிமை கணினிக்கு வெளியேயும் நிரூபணமானது. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் இருவரும் 2003இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, உடலுறுப்பு தானத்துக்கான ஒப்புதலை நாடு வாரியாக ஒப்பிட்டது. விரும்புகிறவர்கள் தாமே முன்வந்து பதிவுசெய்ய வேண்டிய ஜெர்மனியில் ஒப்புதல் 12 சதவீதம். விருப்பமில்லாதவர்கள்தான் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதியுள்ள ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். எல்லை பகிரும், ஒரே மொழி பேசும் இரண்டு நாடுகளுக்கு இடையே இவ்வளவு பெரிய வேறுபாட்டை மக்களின் இரக்க குணத்தால் விளக்க முடியாது. படிவத்தில் எது முன்கூட்டியே தேர்வாகியிருந்தது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானித்தது.

தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆப்பிள் சாதனங்களின் சஃபாரி பிரவுசரில் டிஃபால்ட் தேடுபொறியாக இருக்க 2022ஆம் ஆண்டில் மட்டும் 2,000 கோடி டாலரை கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளிவந்தது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்ட்டில் நீதிபதி அமித் மேத்தா அளித்த தீர்ப்பில் இந்த ஒப்பந்தங்களே மையமாக இருந்தன. செட்டிங்ஸில் யார் வேண்டுமானாலும் சில நொடிகளில் மாற்றிவிடக்கூடிய ஒரு வரிக்கு இவ்வளவு விலை. மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கான விலை அது. டெஸ்க்டாப்பிலும் இதே கணக்குதான். விண்டோஸ் 10இல் டிஃபால்ட் பிரவுசரை ஒரே இடத்தில் மாற்ற முடிந்தது. விண்டோஸ் 11 வந்தபோது ஒவ்வொரு கோப்பு வகைக்கும் இணைப்பு வகைக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும் என்றானது. எதிர்ப்புக்குப் பிறகு, 2022இல் ஒற்றை பட்டன் திரும்பி வந்தது. 2024 ஏப்ரலில் ஸ்டார்ட் மெனுவுக்குள் செயலிகளுக்கான விளம்பரப் பரிந்துரைகள் நுழைந்தன. அவற்றை நிறுத்தும் சுவிட்ச் செட்டிங்ஸின் உள்ளே இருக்கிறது. திரையில் நடப்பதை அவ்வப்போது படமெடுத்துச் சேமிக்கும் ரீகால் வசதி அதே ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்டபோது, தானாகவே இயங்கும்படி இருந்தது. பாதுகாப்பு வல்லுநர்களின் கண்டனத்துக்குப் பிறகு, பயனாளர் விரும்பினால் மட்டுமே இயங்கும்படி ஜூனில் மாற்றினார்கள்.

அலங்காரச் சுதந்திரம்கூட எப்போதும் தாராளமாகக் கிடைத்ததில்லை. 2009இல் விலை குறைந்த நெட்புக்குகளில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில் வால்பேப்பரையே மாற்ற முடியாது. ஒரு படத்தைத் திரையில் காட்டுவது கணினிக்குச் சுமையே இல்லை. கூடுதல் விலையுள்ள பதிப்புக்கு ஆட்களை நகர்த்துவதைத் தவிர அந்தத் தடைக்கு வேறு காரணம் சொல்வது கடினம். செட்டிங்ஸில் எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது என்ற முடிவில் வடிவமைப்புக் கலையோடு வணிகக் கணக்கும் கலந்திருக்கிறது. அந்த முடிவைப் பொதுவெளியில் கேள்வி கேட்பதற்கான நியாயம் அங்கிருந்தே வருகிறது.

எதிர்த்தரப்பு சொல்வது

பெரும்பாலானோர் செட்டிங்ஸ் பக்கமே போவதில்லையே, சிலருக்காக ஏன் இவ்வளவு பாடு என்பது முதல் மறுப்பு. பயன்பாட்டியல் ஆய்வாளர் ஜாரட் ஸ்பூல், வேர்ட் மென்பொருளைப் பயன்படுத்துவோரின் அமைப்புகளைச் சேகரித்துப் பார்த்தபோது, ஏதாவது ஒன்றையேனும் மாற்றியிருந்தவர்கள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்று எழுதியிருக்கிறார். இந்த உண்மையை ஏற்கலாம். அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியாது. எம்ஐடியின் அதீனா திட்டத்தில் 51 பேரை ஆராய்ந்து வெண்டி மெக்கே 1991இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் எப்போது செட்டிங்ஸை நாடுகிறார்கள் என்று கேட்டது. பலர் புதுமைக்காக மாற்றவில்லை. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு, பழகிய முறை குலைந்தபோது, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே மாற்றினார்கள். ஆண்டு முழுவதும் யாரும் தொடாத ஒரு தேர்வு, அப்டேட் வரும் நாளில் இன்றியமையாததாகிவிடுகிறது. ஒருவர் கண்டுபிடித்த நல்ல அமைப்பைச் சக ஊழியர்கள் வாங்கிக்கொள்வதையும் மெக்கே பதிவுசெய்திருக்கிறார். மாற்றுகிறவர்கள் சிலரே என்றாலும், பயன் அவர்களோடு நின்றுவிடுவதில்லை. தவிர, டாஸ்க்பாரை நகர்த்துபவர் சிலர், எழுத்தைப் பெரிதாக்குபவர் சிலர், விசைப்பலகையை மாற்றுபவர் சிலர். ஒவ்வொரு வசதியையும் தனித்தனியே எண்ணினால் சிறுபான்மை. ஏதாவது ஒரு சிறுபான்மையில் நம்மில் பெரும்பாலோர் இருக்கிறோம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது, நேர்மையானதும்கூட. லினக்ஸ் உலகில் க்னோம் டெஸ்க்டாப்பின் முன்னணி நிரலாளர்களில் ஒருவராக இருந்த ஹேவக் பென்னிங்டன், ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்று 2002 வாக்கில் எழுதினார். தேர்வுகள் பெருகினால் சோதனை பெருகும், பிழைகள் பெருகும், உண்மையில் முக்கியமானதைத் தேடுவது கடினமாகும் என்பது அவர் வாதம். கணக்கும் அவர் பக்கமே: பத்து சுவிட்சுகள் இருந்தால் 1,024 வகைச் சேர்க்கைகள், இருபதாகிவிட்டால் பத்து லட்சத்தைத் தாண்டும். க்னோம் இலவச மென்பொருள் என்பதால் இதில் லாப நோக்கம் என்று குறைகூறவும் முடியாது. ஆனால் அங்கே நடந்தது என்ன? 2011இல் க்னோம் 3 பழைய அமைப்பை அடியோடு மாற்றியபோது, பிடிக்காதவர்கள் பழைய மூல நிரலை எடுத்து மேட் என்ற டெஸ்க்டாப்பை உருவாக்கினார்கள். லினக்ஸ் மின்ட் குழுவினர் சின்னமன் என்ற மாற்றைத் தந்தார்கள். தேர்வுகளைக் குறைக்கும் சுதந்திரம் தயாரிப்பாளருக்கு இருந்தது. விலகிப்போகும் சுதந்திரம் பயனாளருக்கும் இருந்தது. விண்டோஸிலும் மேக்கிலும் மூல நிரல் நம் கையில் இல்லை. விலகும் வழி குறுகியிருக்கும் இடத்தில், உள்ளேயே தேர்வை விட்டுவைக்கும் கடமை கூடுகிறது. தேர்வுகள் நிறைந்திருப்பதால் திரை குழப்பமாகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. இயல்பில் எளிமை, தேவைப்பட்டால் ஆற்றல் என்பதைக் கேடிஇ டெஸ்க்டாப் தன் கொள்கையாகவே அறிவித்து, பல ஆண்டுகளாக அதன்படி இயங்கிவருகிறது.

பொறியியல் சிரமம் என்ற வாதத்துக்கு இன்னொரு பதிலை ஐரோப்பா தந்துவிட்டது. டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் அமலானபோது, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ள விண்டோஸ் பயனாளர்கள் எட்ஜ் பிரவுசரை நீக்கவும், விண்டோஸ் தேடல் பெட்டியிலிருந்து பிங் இணையத் தேடலை எடுக்கவும் மைக்ரோசாஃப்ட் வழிசெய்தது. இயங்குதளம் ஒன்றுதான், எந்த நாட்டுக் கணினி என்பதைப் பார்த்து ஓரிடத்தில் கதவு திறக்கிறது, இன்னோரிடத்தில் திறப்பதில்லை. பாரிஸில் முடிவது சென்னையில் முடியாமல் போவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருக்க முடியாது. இந்தியாவிலும் டிஜிட்டல் போட்டிச் சட்டத்துக்கான வரைவு மசோதா, குழு அறிக்கையோடு 2024 மார்ச்சில் மக்கள் கருத்துக்கு வந்தது. ஆண்ட்ராய்ட் போன்களில் முன்கூட்டியே நிறுவிய செயலிகள் உள்ளிட்ட விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, டிஃபால்ட் என்பது போட்டியைக் குலைக்கக்கூடியது என்பதை நம் அமைப்புகளும் ஏற்றன. போனுக்குப் பொருந்தும் நியாயம் டெஸ்க்டாப்புக்குப் பொருந்தாமல் போகாது.

புதிதாகக் கணினி கற்பவர் குழம்பிவிடுவார், பொதுக் கணினிகளில் பாதுகாப்பு கெடும் என்பது மூன்றாவது மறுப்பு. குழப்பத்துக்கு மருந்து நல்ல டிஃபால்ட். தேர்வே இல்லாமல் செய்வதல்ல. எதை மாற்றினாலும் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்ப முடிந்தால், புதியவருக்கும் பயமிருக்காது. பாதுகாப்பைப் பொறுத்தவரை, மென்பொருள் நிறுவும் அனுமதி, நெட்வொர்க் அமைப்பு, அப்டேட் ஆகியவற்றை நிர்வாகி பூட்டிவைப்பது சரியானது, தேவையானது. எழுத்தைப் பெரிதாக்குவதாலோ மவுஸ் பட்டன்களை இடதுகைக்கு மாற்றுவதாலோ எந்த வைரஸும் நுழைந்துவிடாது. பல அலுவலகங்களில் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக் கணக்கு கொடுத்தால் அவரவர் அமைப்பு அவரவருக்கு மட்டும் இருக்கும் என்பது விண்டோஸிலும் லினக்ஸிலும் எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை. திரையை அழகுபடுத்துவதிலேயே நேரம் போய்விடும் என்பவர்களுக்கும் ஒரு சொல்: வால்பேப்பர் மாற்றிப் பொழுதுபோக்குபவரை எந்தப் பூட்டும் வேலைக்குத் திருப்பிவிடாது. சிறிய எழுத்தை உற்று உற்றுப் பார்த்து வேலை செய்பவர் இழக்கும் நேரத்தைத்தான் யாரும் கணக்கெடுப்பதில்லை.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

ஆகவே, தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. கணினியை முதன்முதலில் இயக்கும்போது கணக்கு தொடங்குவதற்கும் விளம்பர ஒப்புதலுக்கும் காட்டும் அக்கறையை, எழுத்தின் அளவு, கைப்பழக்கம், தாய்மொழி விசைப்பலகை ஆகியவற்றைக் கேட்பதிலும் காட்ட வேண்டும். ஓர் அப்டேட் ஒரு பழக்கத்தை மாற்றுமானால், பழைய முறையைத் தொடரும் தேர்வு குறைந்தது சில ஆண்டுகளுக்காவது உடன் வர வேண்டும்; பயனாளர் ஏற்கனவே மாற்றிவைத்ததை அப்டேட் கலைக்கக் கூடாது. நிறுவனத்துக்கு வருமானம் தரும் எந்த டிஃபால்ட்டையும், அதை அமைத்த அளவுக்கே எளிதாக நீக்கவும் முடிய வேண்டும். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பை வேண்டுவதில்லை. பெரும்பகுதி ஏற்கனவே எழுதப்பட்ட நிரல்தான்; சில வசதிகள் சில நாடுகளில் ஏற்கனவே புழக்கத்திலும் இருக்கின்றன.

ஆனால் நிறுவனங்களின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் தமிழ்நாட்டுக்கு இல்லை. 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் இது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததும் இதே மாநிலம்தான். இவ்வளவு எண்ணிக்கையில் வாங்குபவர் வெறும் நுகர்வோர் அல்ல; விதி வகுக்கும் வலிமையுள்ளவர். பிராசஸரின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் வரையறுக்கும் கொள்முதல் ஆவணம், தமிழ்99 விசைப்பலகை இயங்கும் நிலையிலேயே வர வேண்டும், விளம்பரப் பரிந்துரைகள் அணைந்திருக்க வேண்டும், பார்வைக்கும் கைக்கும் உரிய வசதிகள் முதல் திரையிலேயே தெரிய வேண்டும் என்றும் வரையறுக்கலாம். பள்ளிக் கணினிப் பாடத்தில் செட்டிங்ஸுக்கு ஒரு வகுப்பை ஒதுக்கலாம். இ-சேவை மையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் திரை அமைப்பை ஊழியர்களே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கணினிக்கான பணம் பொதுமக்களுடையது. அதன் டிஃபால்ட் என்னவாக இருக்க வேண்டும் என்பதை அடுத்த டெண்டரிலேயே எழுதிவிட அரசுக்கு எந்தத் தடையும் இல்லை.